'ஆஃப்லைன்' என்று காட்டும் வைஃபை பிரிண்டர்: இணைப்பு எங்கே அறுந்திருக்கிறது?

ரௌட்டரை மாற்றிய நாளிலிருந்து லேப்டாப்பில் வைஃபை பிரிண்டர் 'ஆஃப்லைன்' என்றே காட்டுகிறது, பிரிண்டரின் வைஃபை விளக்கோ நின்று எரிகிறது, கைபேசியிலிருந்து சில நேரம் அச்சாகிறது, சில நேரம் பட்டியலில் பிரிண்டரே வருவதில்லை, டிரைவரை மூன்று முறை நீக்கி நிறுவியும் பலனில்லை, என்ன செய்வது? இதுதான் கேள்வி. கேட்டவர் தம்மை அறியாமலே பாதி விடையையும் இதற்குள் வைத்துவிட்டார் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

'ஆஃப்லைன்' என்பது பிரிண்டர் தன்னைப் பற்றித் தரும் தகவல் அன்று. கணினி தன் குறிப்பில் வைத்திருக்கும் ஒரு முகவரிக்குப் போய்க் கதவைத் தட்டியது, பதில் வரவில்லை, ஆகவே அப்படி எழுதி வைத்துக்கொண்டது. அவ்வளவுதான் அதன் பொருள். குடிமாறிப் போனவரின் பழைய வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு, 'ஆள் ஊரிலேயே இல்லை' என்று திரும்பி வந்து சொல்வதைப் போன்றது அது. டிரைவர் என்பது ஆவணத்தை பிரிண்டருக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றித் தரும் மென்பொருள். முகவரி தவறாக இருக்கும்போது அதை எத்தனை முறை புதிதாக நிறுவினாலும் தவறான கதவையே அது மறுபடி தட்டும். சில நேரங்களில் டிரைவரை மீண்டும் நிறுவுவதால் கோளாறு தீர்வதுண்டு. ஆனால் அப்போது தீர்த்துவைத்தது டிரைவர் அன்று, நிறுவும்போது நிரல் பிரிண்டரைப் புதிதாகத் தேடி அதன் இப்போதைய முகவரியைக் குறித்துக்கொண்டதுதான். அதனால்தான் சில வாரங்களில் அதே தொல்லை திரும்பவும் வருகிறது.

லேப்டாப்பிலிருந்து ஒரு பக்கம் அச்சாக வேண்டுமானால் நான்கு இணைப்புகள் சரியாக இருக்க வேண்டும். பிரிண்டர் ரௌட்டரின் வைஃபையில் சேர்ந்திருக்க வேண்டும். பிரிண்டருக்கு ரௌட்டர் ஓர் ஐ.பி. முகவரி, அதாவது வலையமைப்பில் அதை அடையாளம் காட்டும் எண், தந்திருக்க வேண்டும். லேப்டாப் அந்த முகவரியை எட்டுவதை வலையமைப்பில் எதுவும் தடுக்காமல் இருக்க வேண்டும். லேப்டாப்பில் உள்ள அச்சு வரிசை, அதாவது அச்சிட அனுப்பிய ஆவணங்கள் காத்திருக்கும் இடம், அதே முகவரியைச் சுட்ட வேண்டும். கைபேசியிலிருந்து அச்சாகிறது என்றால் முதல் இரண்டும் சரி என்றே கொள்ளலாம். ஒரே ஒரு விலக்கு உண்டு. பல பிரிண்டர்கள் 'வைஃபை டைரக்ட்' என்ற பெயரில் தமக்கென்று ஒரு சிறு வைஃபையைத் தாமே பரப்புகின்றன. கைபேசி ரௌட்டரை விட்டுவிட்டு அதில் சேர்ந்து அச்சிட்டிருந்தால் அந்த அச்சு ரௌட்டரைப் பற்றி எதையும் நிரூபிக்காது. கைபேசியின் வைஃபை பட்டியலில் 'டைரக்ட்' என்று தொடங்கும் பெயர் இணைப்பில் இருக்கிறதா என்று பார்த்தால் இது தெளிவாகிவிடும்.

எதையும் நீக்குவதற்கு முன், நிறுவுவதற்கு முன், பிரிண்டரின் வலையமைப்பு அறிக்கையை அச்சிட்டுக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய எல்லா வைஃபை பிரிண்டரிலும் இந்த வசதி உண்டு; திரை உள்ளவற்றில் நெட்வொர்க் மெனுவிலும், திரை இல்லாதவற்றில் இன்னின்ன பொத்தான்களைச் சேர்த்து அழுத்துவதன் மூலமும் கிடைக்கும், அந்தச் சேர்க்கை கையேட்டில் இருக்கும். அதில் மூன்று வரிகள் போதும். முதலாவது, எந்த வைஃபை பெயரில் பிரிண்டர் சேர்ந்திருக்கிறது என்பது. பழைய ரௌட்டரை அணைக்காமல் மூலையில் விட்டுவைத்து, பிரிண்டர் விசுவாசமாக அதிலேயே தொங்கிக்கொண்டிருக்கும் வீடுகளை நான் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பார்த்திருக்கிறேன். விளக்கு நின்று எரியத்தான் செய்யும். இரண்டாவது, ஐ.பி. முகவரி. மூன்றாவது, சமிக்ஞை வலிமை. இது எதிர்ம எண்ணாக இருக்கும், மைனஸ் 50 என்றால் மிக நன்று, மைனஸ் 70 என்றால் சமாளிக்கலாம், மைனஸ் 80ஐத் தாண்டினால் அந்த இணைப்பை நம்ப முடியாது.

ஐ.பி. முகவரியைப் படிக்கத் தெரிந்துகொள்வது இந்த வேலையில் பெரும்பகுதியை முடித்துவிடும். வீட்டு ரௌட்டர்கள் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் முகவரிகளைத் தருகின்றன. சில 10 என்று தொடங்குபவற்றைத் தருகின்றன. பிரிண்டரின் முகவரி 192.168.1.37 என்றும் லேப்டாப்பின் முகவரி 192.168.1.12 என்றும் இருந்தால், முதல் மூன்று எண்களும் ஒத்துப்போவதால் இரண்டும் வழக்கமாக ஒரே வலையமைப்பில் இருக்கின்றன. ஒன்று 192.168.1 என்றும் மற்றது 192.168.0 என்றும் இருந்தால் இரண்டும் வேறு வேறு வலையமைப்பில் இருக்கின்றன. அங்கே டிரைவரோடு மல்லுக்கட்டுவது வீண். முகவரி 169.254 என்று தொடங்கினால், ரௌட்டரிடம் முகவரி கேட்டுப் பதில் கிடைக்காமல் பிரிண்டர் தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். எல்லாம் சுழியாக இருந்தால் அது எங்கும் சேரவே இல்லை.

அறிக்கையில் உள்ள முகவரியை லேப்டாப்பின் உலாவியில், தேடல் சொல்லாக அல்லாமல் முகவரியாகவே தட்டிப் பாருங்கள். பெரும்பாலான பிரிண்டர்கள் தமக்குள்ளேயே ஒரு சிறு இணையப் பக்கத்தை வைத்திருக்கின்றன. மை அளவும் அமைப்புகளும் அதில் தெரியும். சான்றிதழ் பற்றி உலாவி எச்சரித்தால் அஞ்ச வேண்டாம். பிரிண்டர் தானே எழுதிக்கொண்ட சான்றிதழ் அது, உங்கள் வீட்டு முகவரிக்குத்தான் போகிறீர்கள் என்று உறுதியாகத் தெரிந்தால் தொடரலாம். அந்தப் பக்கம் திறந்துவிட்டால் முதல் மூன்று இணைப்புகளும் நலம், கோளாறு லேப்டாப்பின் அச்சு வரிசையில் மட்டுமே இருக்கிறது. திறக்காவிட்டால் கோளாறு வலையமைப்பில் இருக்கிறது. இந்த ஒரே சோதனை அரை நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும் என்பதால்தான் இதை முன்னால் வைக்கிறேன்.

கேட்டவரின் நிலையில் பக்கம் திறக்கும் என்றே எதிர்பார்க்கிறேன். ரௌட்டர் ஒவ்வொரு கருவிக்கும் முகவரியைச் சொந்தமாக எழுதிக் கொடுப்பதில்லை; குறிப்பிட்ட காலத்துக்கு வாடகைக்குத்தான் தருகிறது. 'டி.எச்.சி.பி.' எனப்படும் இந்த ஏற்பாட்டில் கருவி அணைந்து கிடக்கும்போது தவணை முடிந்தால் அதே முகவரி வேறொரு கருவிக்குப் போகலாம். ரௌட்டரே மாறிவிட்டால் கேட்கவே வேண்டாம், எல்லோருக்கும் புதிய முகவரி. பழைய ரௌட்டரில் 192.168.1.5 ஆக இருந்த பிரிண்டர் இன்று 192.168.1.37 ஆக இருக்கிறது. லேப்டாப்போ இன்னும் 5ஐத் தேடிக்கொண்டிருக்கிறது. ஒருவேளை அந்த 5 இப்போது தொலைக்காட்சிப் பெட்டியின் முகவரியாகவும் இருக்கலாம்.

விண்டோஸ் கணினியில் இதைச் சரிபார்க்க, அமைப்புகளில் பிரிண்டர்கள் பட்டியலைத் திறந்து, உங்கள் பிரிண்டரைத் தேர்ந்து, 'பிரிண்டர் புராப்பர்ட்டீஸ்' என்பதற்குள் 'போர்ட்ஸ்' பக்கத்துக்குப் போங்கள். அங்கே குறியிடப்பட்டிருக்கும் வரி எப்படிப்பட்டது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அது ஓர் ஐ.பி. முகவரியாக இருந்து, அறிக்கையில் உள்ளதோடு ஒத்துப்போகாவிட்டால், காரணம் கையில் கிடைத்துவிட்டது. அது 'டபிள்யூ.எஸ்.டி.' என்று தொடங்கினால், விண்டோஸ் முகவரியைக் குறித்துவைக்காமல், ஒவ்வொரு முறையும் வலையமைப்பில் கூவிக் கூப்பிட்டு பிரிண்டரைக் கண்டுபிடிக்கும் முறையைப் பயன்படுத்துகிறது என்று பொருள். முகவரி மாறினாலும் தானே கண்டுகொள்ளும் என்பது இதன் நல்ல குணம். பிரிண்டர் ஆழ்ந்த உறக்கத்தில் இருந்து அந்தக் கூப்பாட்டுக்குப் பதில் தராவிட்டால் உடனே 'ஆஃப்லைன்' என்று முடிவுகட்டிவிடுவது இதன் கெட்ட குணம். வீட்டில் ஒரே ஒரு பிரிண்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்த முறையை நான் பரிந்துரைப்பதில்லை.

அதற்குப் பதிலாகச் செய்ய வேண்டியது இதுதான். முதலில் ரௌட்டரின் நிர்வாகப் பக்கத்துக்குப் போய், டி.எச்.சி.பி. பகுதியில் 'முகவரி ஒதுக்கீடு' என்ற பொருள்படும் அமைப்பைத் தேடுங்கள். 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்றோ 'ஸ்டாட்டிக் லீஸ்' என்றோ அது இருக்கும். அறிக்கையில் இரண்டிரண்டு எழுத்துகளாக ஆறு பகுதிகளில் அச்சாகியிருக்கும் 'மேக்' முகவரி, அதாவது பிரிண்டரின் வன்பொருள் அடையாள எண், அதற்குத் தேவைப்படும். வைஃபைக்கும் கேபிளுக்கும் தனித்தனி மேக் முகவரி இருந்தால் வைஃபைக்கு உரியதைக் கொடுங்கள். அப்படி ஒதுக்கிவிட்டால் பிரிண்டருக்கு எப்போதும் அதே முகவரிதான் கிடைக்கும். சிலர் இதைப் பிரிண்டரின் மெனுவிலேயே கையால் எழுதி நிலைப்படுத்துகிறார்கள். அது தவறன்று, ஆனால் அந்த முகவரி ரௌட்டர் மற்ற கருவிகளுக்குப் பங்கிடும் வரம்புக்குள் இருந்தால் ஒருநாள் இரு கருவிகள் ஒரே முகவரியில் மோதும், ரௌட்டரை மாற்றும் நாளில் பிரிண்டர் பழைய தெருவின் எண்ணைப் பிடித்துக்கொண்டு யாராலும் எட்ட முடியாதபடி நிற்கும். அதனால் ஒதுக்கீட்டை ரௌட்டரில் வைப்பதே நல்லது.

முகவரி நிலைத்த பிறகு, லேப்டாப்பில் பிரிண்டரைச் சேர்க்கும் இடத்தில் தானாகத் தேடும் பட்டியலை ஒதுக்கிவிட்டு, கையால் சேர்க்கும் வழியைத் தேர்ந்து, ஐ.பி. முகவரி மூலம் சேர்க்கும் வாய்ப்பைக் கொடுங்கள். கருவி வகை கேட்டால் 'டி.சி.பி. ஐ.பி.' என்று கொடுக்கலாம். அப்போது அச்சுத் தரவு வழக்கமாக 9100 என்ற போர்ட் எண்ணின் வழியே போகும். 'ஐ.பி.பி.' என்ற மற்றோர் அச்சு முறையென்றால் 631. இரண்டில் எது வேலை செய்தாலும் சரி. பிறகு அதே போர்ட்டின் 'கான்ஃபிகர் போர்ட்' சாளரத்தைத் திறந்து, 'எஸ்.என்.எம்.பி. ஸ்டேட்டஸ்' என்ற பெட்டியில் குறி இருந்தால் எடுத்துவிடுங்கள். பிரிண்டரின் நலத்தை விசாரிக்க விண்டோஸ் பயன்படுத்தும் தனி வழி அது. வீட்டு பிரிண்டர் அந்த விசாரிப்புக்குப் பதில் தராவிட்டால், அச்சிட முழுத் தயாராக இருந்தாலும் 'ஆஃப்லைன்' என்று காட்டிக்கொண்டே இருக்கும். என் அனுபவத்தில், முகவரி சரியாக இருந்தும் ஆஃப்லைன் விலகாத இடங்களில் நான் முதலில் பார்ப்பது இந்தப் பெட்டியைத்தான்.

மூன்று முறை டிரைவர் நிறுவியதாகச் சொல்கிறீர்கள். அப்படியானால் பட்டியலில் ஒரே பிரிண்டர் 'காப்பி 1', 'காப்பி 2' என்ற வால்களோடு பலவாக நிற்கக்கூடும். ஒன்று மட்டும் உயிரோடு இருக்கும், மற்றவை பழைய முகவரியைச் சுட்டும் நிழல்கள். சோதனைப் பக்கம் எதில் அச்சாகிறதோ அதை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கிவிட்டு, இருப்பதை இயல்பு பிரிண்டராக அமைத்துவிடுங்கள். இயல்பு பிரிண்டரை விண்டோஸே தேர்ந்துகொள்ளும் அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால் அதையும் அணைத்துவிடலாம். நீக்க முயலும்போது வரிசையில் சிக்கிய ஆவணம் ஒன்று வழிமறித்தால், 'சர்வீசஸ்' சாளரத்தில், அச்சு வரிசையை நடத்தும் 'பிரிண்ட் ஸ்பூலர்' சேவையை நிறுத்தி, விண்டோஸ் கோப்புறைக்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்று போய், உள்ளே இருக்கும் கோப்புகளை மட்டும் அழித்து, சேவையை மறுபடி தொடங்குங்கள். கோப்புறையையே அழித்துவிடாதீர்கள். மேக் கணினியில் இவ்வளவு தேவைப்படுவதில்லை. பிரிண்டரை நீக்கிவிட்டு ஐ.பி. தாவலின் வழியே சேர்த்தால் போதும், அதுவும் ஒத்துவராவிட்டால் பிரிண்டர் பட்டியலில் கன்ட்ரோல் விசையோடு சொடுக்கி அச்சு அமைப்பை முழுதாக மீட்டமைக்கலாம். அது எல்லா பிரிண்டர்களையும் நீக்கிவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இனி கைபேசியின் கதை. சில நேரம் தெரிகிறது, சில நேரம் காணவில்லை என்பது முகவரிச் சிக்கல் அன்று. தேடும் முறையின் சிக்கல். ஆப்பிள் 2010இல் கொண்டுவந்த ஏர்பிரிண்டும், ஆண்ட்ராய்டின் இயல்பு அச்சுச் சேவையும் வலையமைப்பு முழுவதற்கும் பொதுவாக ஓர் அழைப்பை அனுப்பி, 'இங்கே பிரிண்டர் யாராவது இருக்கிறீர்களா' என்று கேட்கின்றன. 224.0.0.251 என்ற குழு முகவரிக்குப் போகும் இந்த அழைப்பை ரௌட்டர் எல்லாக் கருவிகளுக்கும் ஒழுங்காகக் கடத்த வேண்டும். அதைக் கெடுப்பவை பல. விருந்தினர் வைஃபையில் கைபேசி இருந்தால் அழைப்பு போகாது, ஏனெனில் வீட்டுக் கருவிகளை வெளியாள் எட்டக் கூடாது என்பதற்காகவே அந்த வைஃபை உருவாக்கப்பட்டது. 'ஏ.பி. ஐசொலேஷன்' என்றோ 'கிளையன்ட் ஐசொலேஷன்' என்றோ ஓர் அமைப்பு முதன்மை வைஃபையிலும் இயங்கிக்கொண்டிருந்தால் இதே விளைவுதான்: இணையம் எல்லோருக்கும் வரும், ஒருவருக்கொருவர் பேச முடியாது. பிரிண்டரை அணைத்து எழுப்பியதும் சில நிமிடங்கள் பட்டியலில் தெரிந்து, பிறகு மறைந்துபோகிறது என்றால், ரௌட்டரில் 'ஐ.ஜி.எம்.பி. ஸ்னூப்பிங்' என்ற அமைப்பை மாற்றிப் பாருங்கள். குழு அழைப்புகளைச் சிக்கனமாக அனுப்புவதற்காக வைக்கப்பட்ட அது, சில ரௌட்டர்களில் சிக்கனத்தை மிஞ்சி அழைப்பையே விழுங்கிவிடுகிறது.

கைபேசியிலேயே இருக்கும் தடைகளையும் பார்த்துவிடலாம். இணையப் போக்குவரத்தை மறைகுறியாக்கித் தொலைவில் உள்ள வேறொரு கணினி வழியே அனுப்பும் வி.பி.என். இயங்கினால் எல்லாப் போக்குவரத்தும் அதன் சுரங்கத்துக்குள் போய்விடக்கூடும். பக்கத்து அறையில் இருக்கும் பிரிண்டர் அதற்குத் தெரியாது. அலுவலக லேப்டாப்களில் 'வேலை நேரத்தில் மட்டும் பிரிண்டர் வருவதில்லை' என்ற புகாரின் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது. ஐபோனில் 2020இல் வந்த ஐ.ஓ.எஸ். 14 முதல், ஒரு செயலி வீட்டு வலையமைப்பில் பிற கருவிகளைத் தேட உங்கள் அனுமதி வேண்டும்; பிரிண்டர் நிறுவனத்தின் செயலி முதன்முறை கேட்டபோது 'வேண்டாம்' என்று அழுத்தியிருந்தால், அது பிறகு எத்தனை முறை தேடினாலும் வெறுங்கையோடுதான் திரும்பும். மேக்கிலும் 2024இல் வந்த பதிப்பிலிருந்து இதே அனுமதி தேவைப்படுகிறது. விண்டோஸில் வீட்டு வைஃபை 'பப்ளிக்' என்று பதிவாகியிருந்தால் பிற கருவிகளைத் தேடுவதும் அவற்றுக்குத் தெரிவதும் அடைபட்டுவிடும். ரௌட்டரை மாற்றியதும் விண்டோஸ் அதைப் புதிய இடமாகக் கருதிப் 'பப்ளிக்' என்றே வைத்துக்கொள்வது வழக்கம். அதைப் 'பிரைவேட்' என்று மாற்றுங்கள்.

பிரிண்டருக்கும் லேப்டாப்புக்கும் முகவரியின் மூன்றாவது எண் வேறுபட்டால் வீட்டில் இரண்டு ரௌட்டர்கள் தனித்தனி ஆட்சி நடத்துகின்றன என்று ஊகிக்கலாம். இணைய நிறுவனம் தந்த பெட்டியும் வைஃபை பரப்புகிறது, அதன் பின்னால் நீங்கள் வாங்கி மாட்டிய ரௌட்டரும் பரப்புகிறது. இந்த அமைப்பில் ஒரு வேடிக்கை உண்டு: உள் ரௌட்டரில் இருக்கும் லேப்டாப், வெளிப் பெட்டியில் இருக்கும் பிரிண்டரை முகவரி கொடுத்தால் பெரும்பாலும் எட்டிவிடும், ஆனால் தானாகத் தேடினால் காணாது, எதிர்த் திசையிலோ எட்டவே எட்டாது. 'ஒரு கணினியில் வருகிறது, இன்னொன்றில் வருவதில்லை' என்ற புதிர் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது. இரண்டாவது ரௌட்டரை 'ஆக்சஸ் பாயிண்ட்' நிலைக்கு மாற்றிவிட்டால் முகவரி தருபவர் ஒருவரே ஆகிவிடுவார், புதிரும் போய்விடும்.

பிரிண்டரின் விளக்கு நின்று எரியாமல் மின்னிக்கொண்டே இருப்பவர்களுக்காக, முதல் இணைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டு பிரிண்டர்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறியும். 5 கிகாஹெர்ட்ஸில் பரவும் பெயர் அவற்றின் தேடலில் வரவே வராது. இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்துத் தாமே கருவிகளைப் பங்கிடும் புதிய ரௌட்டர்களில், நிறுவும் நேரத்தில் மட்டும் 5 கிகாஹெர்ட்ஸை அணைத்துவைப்பதோ, 2.4க்குத் தனிப் பெயர் சூட்டுவதோ உதவும். இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும்: பிரிண்டர் 2.4இல் இருப்பதால் லேப்டாப்பும் 2.4இல் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரே ரௌட்டரின் இரு அலைவரிசைகளும் இயல்பாக ஒரே வலையமைப்புதான். மேலும், 2.4இல் ரௌட்டர் தானாக 12 அல்லது 13ஆம் சேனலுக்கு, அதாவது அந்த அலைவரிசையின் உட்பிரிவுக்கு, போயிருந்தால், 11 வரை மட்டுமே அறிந்த பிரிண்டருக்கு அந்த வைஃபை கண்ணில் படாது. 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றை நிலையாக வைத்துவிடுங்கள்.

பெயர் தெரிந்தும் சேர மறுத்தால் பாதுகாப்பு முறையைப் பாருங்கள். 2018இல் அறிமுகமான டபிள்யூ.பி.ஏ. 3 முறையை மட்டும் ஏற்கும்படி புதிய ரௌட்டர் அமைக்கப்பட்டிருந்தால், அதற்கு முந்தைய காலத்து பிரிண்டர் சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தும் வாசலில் நிறுத்தப்படும். திரையில் பல நேரங்களில் 'கடவுச்சொல் தவறு' என்று வரக்கூடும் என்பதால் மக்கள் கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பத் தட்டிக் களைத்துப் போகிறார்கள். டபிள்யூ.பி.ஏ. 2 என்றோ இரண்டும் கலந்த முறை என்றோ மாற்றினால் வழி திறக்கும்; கலந்த முறையையும் சகிக்காத பழைய பிரிண்டர்கள் உண்டு, அவற்றுக்கு 2 மட்டுமே. ரௌட்டரிலும் பிரிண்டரிலும் 'டபிள்யூ.பி.எஸ்.' பொத்தான் இருந்தால் கடவுச்சொல்லே தட்டாமல் இணைக்கலாம். ஒன்றை அழுத்திய இரண்டு நிமிடத்துக்குள் மற்றதை அழுத்த வேண்டும். டபிள்யூ.பி.ஏ. 3 மட்டும் இயங்கும் இடத்தில் இந்தப் பொத்தானும் வேலை செய்யாது.

செயலி வழியே நிறுவுபவர்கள் இடறும் இடங்கள் சில. நிறுவும் நேரத்தில் கைபேசி பிரிண்டரின் தற்காலிக வைஃபையில் சேர்கிறது. அதில் இணையம் இல்லை என்று கண்ட கைபேசி மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடுவதால் நிறுவல் பாதியில் நின்றுவிடுகிறது. அந்தச் சில நிமிடங்களுக்கு மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டில் செயலி இருப்பிட அனுமதி கேட்டால், உங்களை வேவு பார்க்கிறது என்று உடனே மறுத்துவிட வேண்டாம். வைஃபை பெயர்களைத் தேட அந்த அனுமதி வேண்டும் என்பது ஆண்ட்ராய்டின் விதி, வேலை முடிந்ததும் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். நிறுவல் நிலைக்கும் காலவரம்பு உண்டு, எச்.பி. மாடல்கள் பலவற்றில் அது இரண்டு மணி நேரம். அது கடந்துவிட்டால் வைஃபை அமைப்பை மீட்டமைத்தால்தான் செயலி பிரிண்டரை மறுபடி கண்டுகொள்ளும்.

அடுத்த முறை ரௌட்டரை மாற்றும்போது, பழைய ரௌட்டரின் வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் எழுத்துக்கு எழுத்து அப்படியே புதியதில் வைத்துவிடுங்கள். பாதுகாப்பு முறையும் ஒத்துப்போனால் பிரிண்டர் உள்ளிட்ட எல்லாக் கருவிகளும் ரௌட்டர் மாறியதையே கவனிக்காமல் தாமாக வந்து சேர்ந்துகொள்ளும். முகவரி ஒதுக்கீட்டை மட்டும் புதிதாக எழுதினால் போதும்.

இவ்வளவுக்குப் பிறகும் பிரிண்டர் எந்த வைஃபையிலும் நிலைக்கவில்லை என்றால், குற்றம் ரௌட்டரிலா பிரிண்டரிலா என்று பிரித்தறிய ஒரு சோதனை உண்டு. கைபேசியில் ஹாட்ஸ்பாட்டை 2.4 கிகாஹெர்ட்ஸில் தொடங்குங்கள். புதிய ஐபோன்களில் 'மேக்சிமைஸ் கம்பாட்டிபிலிட்டி' என்ற அமைப்பு இதைச் செய்யும். பெயரில் மேற்கோள் குறியோ இடைவெளியோ இல்லாமல் எளிய எழுத்துகளாக வைத்து, பிரிண்டரை அருகில் வைத்து அதில் சேர்த்துப் பாருங்கள். சேர்ந்து நிலைத்தால் பிரிண்டரின் வைஃபை பகுதி நலம், ரௌட்டரின் அமைப்புகளுக்கே திரும்புங்கள். ஓரடி தூரத்திலும் சேராமல், வைஃபை அமைப்பை மீட்டமைத்த பிறகும் சேராமல் நின்றால், அதன் வைஃபை சில்லு பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம். அப்போதும் பிரிண்டரைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. பின்புறத்தில் ஈதர்நெட் துளை இருந்தால் ரௌட்டரோடு கேபிளால் இணைத்துவிடலாம், லேப்டாப்பும் கைபேசியும் வழக்கம்போல வைஃபையிலிருந்தே அதை எட்டும். கேபிள் செருகியதும் பல மாடல்களில் வைஃபை விளக்கு தானே அணைந்துவிடும்; அதைப் புதிய கோளாறு என்று எண்ணிவிட வேண்டாம். ஈதர்நெட் துளை இல்லாவிட்டால் யு.எஸ்.பி. கேபிளை எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கணினியில் செருகி, அந்தக் கணினி வழியே மற்றவர்களுக்குப் பகிரலாம்.